இரத்த உறவுத் திருமணமும் மரபியல் இடரும்

இரத்த உறவுத் திருமணம் என்பது பொதுவான முன்னோரைக் கொண்ட இருவர் மணம் புரிவதைக் குறிக்கும். ஒரே கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி வழிவந்தோர், அல்லது அதைவிட நெருங்கிய உறவினர், மணப்பதையே மருத்துவ மரபியல் பொதுவாக இப்பெயரால் அழைக்கிறது. இத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சிலவகை மரபு நோய்கள் ஏற்படும் வாய்ப்பு கூடுதலாகும். எனினும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன.

மரபியல் அடிப்படை

மனிதரிடம் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளாக அமைந்துள்ளன. ஒடுங்கு மரபு நோய்களில், ஒரு படி பழுதுற்றிருந்தாலும் மற்றொன்று சரியாக இயங்கினால் நோய் தோன்றாது. அவ்வாறு ஒரு பழுதுற்ற படியை மட்டும் கொண்டவர் நோய்கடத்தி எனப்படுவார். அவர் நலமாக இருப்பதால் தம் நிலையைப் பெரும்பாலும் அறியமாட்டார். தாய், தந்தை இருவரும் ஒரே நோயின் கடத்திகளாக இருப்பின், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

உறவினர் அல்லாத இருவர் ஒரே அரிய நோயின் கடத்திகளாக அமைவது அரிது. உறவினர்களோ பொதுவான பாட்டன் அல்லது பாட்டியிடமிருந்து ஒரே பழுதுற்ற படியைப் பெற்றிருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, 100 பேரில் ஒருவர் கடத்தியாக உள்ள ஒரு நோயைக் கொள்வோம். குழந்தைக்கு அந்நோய் ஏற்படும் வாய்ப்பு தோராயமாகப் பின்வருமாறு அமையும்:

- உறவற்ற பெற்றோர்: 40,000இல் 1
- அத்தை மகள் அல்லது மாமன் மகளை மணந்தோர்: 3,200இல் 1
- அக்காள் மகளை மணந்தோர்: 1,600இல் 1

நோய் எந்த அளவுக்கு அரிதானதோ, அந்த அளவுக்கு இந்த வேறுபாடு பெருகும்.

உட்கலப்புக் கெழு

ஒரு குழந்தையின் ஏதேனும் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரின் ஒரே படியிலிருந்து வந்திருப்பதற்கான நிகழ்தகவு உட்கலப்புக் கெழு எனப்படும். தாய்மாமன்–அக்காள் மகள் இணையரின் குழந்தைக்கு இது 1/8; அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் 1/16; கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி மட்டும் பொதுவாயின் 1/64. பல தலைமுறைகளாக உறவுக்குள்ளேயே மணம் நிகழ்ந்த குடும்பங்களில் இது மேலும் உயரும். மாறாக, உறவுத் திருமணத்தில் பிறந்த ஒருவர் உறவற்ற ஒருவரை மணந்தால், அவர்களது குழந்தையின் கெழு சுழியமாகிவிடும்.

இடரின் அளவு

பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, பெற்றோரின் உடன்பிறந்தோர் பிள்ளைகளை மணந்தோரிடம் இது ஏறத்தாழ 3இலிருந்து 6 விழுக்காடாக இரட்டிப்பதைக் காட்டியது. வறுமை மட்டும் இதற்குக் காரணமன்று என்பதும் அதில் தெரியவந்தது.

தொடர்புடைய நோய்கள்

பீட்டா தலசீமியா, அரிவாள்செல் சோகை, பிறவிச் செவிட்டுத்தன்மையின் சில வகைகள், விழித்திரை நிறமி அழற்சி, பீனைல்கீட்டோன்யூரியா, முதுகெலும்புத் தசைநலிவு ஆகியவை ஒடுங்கு முறையில் கடத்தப்படும் நோய்களுக்குச் சான்றுகளாகும். 1902இல் ஆர்ச்சிபால்டு காரோடு, அல்காப்டன்யூரியா நோயுற்றோரில் பலரின் பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்ததைச் சுட்டிக்காட்டினார். மனிதரில் ஒடுங்கு மரபுரிமை அறியப்பட்டதற்கு இது தொடக்கமாக அமைந்தது.

டவுன் நோய்த்தொகை போன்ற நிறப்புரி எண்ணிக்கைக் குறைபாடுகளுக்கும், ஒரே பழுதுற்ற படியால் உண்டாகும் ஓங்கு மரபு நோய்களுக்கும் உறவுத் திருமணம் காரணமாவதில்லை.

தமிழர் உறவுமுறையும் மரபணுவும்

தமிழரிடையே அத்தை, மாமன் பிள்ளைகள் முறையுள்ளவர்களாகவும், பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் உடன்பிறந்தோராகவும் கருதப்படுகின்றனர். இப்பாகுபாடு சமூக வழக்கைச் சார்ந்தது. மரபியல் நோக்கில் இவ்விரு வகையினரும் ஒரே அளவு நெருக்கம் உடையவர்களே. முறைப்பெண் வேறு குலத்தைச் சேர்ந்தவள் என்பதாலும் இந்நெருக்கம் குறைவதில்லை.

தாய்மாமன்–அக்காள் மகள் திருமணம் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி விலக்கப்பட்ட உறவில் அடங்கும். ஆயினும் வழக்காறு அனுமதிக்குமிடத்து அது செல்லுபடியாகும்.

தவறான கருத்துகள்

- மணமக்களின் இரத்த வகை வேறுபட்டிருந்தால் இடரில்லை என்பது தவறு. இரத்த வகையை முடிவுசெய்யும் மரபணுக்களுக்கும் மேற்கூறிய நோய்களுக்கும் தொடர்பில்லை. ஆர்எச் பொருந்தாமை உறவற்றோரிடமும் ஏற்படும். அதை ஊசிமருந்தால் தடுக்கலாம்.
- முன்னோர் எவருக்கும் நோயில்லை என்பது உறுதிமொழி ஆகாது. கடத்திகள் பல தலைமுறைகள் அறியப்படாமலே இருக்கக்கூடும்.
- முதல் குழந்தை நலமாகப் பிறந்ததால் அடுத்ததும் நலமாகப் பிறக்கும் என்று கொள்ள இயலாது.
- குறைபாட்டுக்குத் தாயை மட்டும் பழிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. ஒடுங்கு நோயில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு படி வந்துள்ளது.

மரபியல் ஆலோசனை

உறவுக்குள் மணம் பேசுவோர் திருமணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது நன்று. குடும்பத்தில் இளவயதில் இறந்தோர், பிறவியிலேயே காது கேளாதோர், பார்வை குன்றியோர், அறிவு வளர்ச்சி குன்றியோர் பற்றிய விவரங்களை மறைக்காமல் கூறுதல் வேண்டும். தலசீமியாக் கடத்தி நிலையை எளிய இரத்தப் பரிசோதனையால் அறியலாம். சவூதி அரேபியாவில் தலசீமியாவுக்கும் அரிவாள்செல் சோகைக்குமான திருமணத்துக்கு முந்தைய பரிசோதனை 2004 முதல் கட்டாயமாக உள்ளது. எனினும் முடிவெடுக்கும் உரிமை மணமக்களுக்கே உண்டு.

ஏற்கெனவே மணம் புரிந்தோர் அஞ்ச வேண்டியதில்லை. குடும்பத்தில் உள்ள நோய்க்கான மரபணுப் பிறழ்வு கண்டறியப்பட்டிருந்தால், கருவுற்ற 11ஆம் வாரம் முதல் கருவைச் சோதித்தறிய வழிகள் உள்ளன. பிறந்த குழந்தைக்குச் செய்யும் செவிப்புலப் பரிசோதனையும் பயனுள்ளதாகும். பீனைல்கீட்டோன்யூரியா தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், உணவுக் கட்டுப்பாட்டின் மூலம் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைப் பெருமளவு தவிர்க்கலாம்.