கிளான்

ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் குலத்தைக் குறிக்கும் ‘கிளான்’ என்னும் சொல், அவர்களுடைய கேலிக் பாஷையில் ‘பிள்ளைகள்’ என்றே பொருள்படும். அதன் மூலமோ, தளிரையும் நாற்றையும் சுட்டும் ‘பிளாந்தா’ என்ற லத்தீன் சொல். பகர ஒலி, கேலிக்குக்கு மூதாதையான பழைய ஐரிஷ் நாவுக்கு வழக்கமின்மையால் அது ககரமாய்த் திரிந்தது. ஆயினும், குலத்தார் யாவரும் தலைவனின் ரத்த சந்ததியார் என்று கருதிவிடலாகாது. அவன் நிலத்தை உழுது, அவன் பாதுகாப்பை நாடி, அவன் பெயரையே தம் பெயராக்கிக் கொண்ட குடியானவர்களும் அநேகர். 1746-இல் கலோடன் யுத்தத்தில், அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் குலத்தார் பலரும் சேர்ந்து போரிட்ட ஜேகபைட்டுகள் தோற்றபின், தலைவர்களின் பரம்பரை நீதியதிகாரத்தைப் பார்லிமெண்டு சட்டமியற்றிப் பறித்தது; அதிகாரம் போயிற்று, அபிமானம் போகவில்லை. ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில், மக்லௌட் குலத்தின் தலைமைக்கு வரும் ஆண் வாரிசு, வெள்ளிப் பூணிட்ட மாட்டுக்கொம்பு நிறைய வார்த்த திராட்சை மதுவை ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டும் என்பது சம்பிரதாயம் (ஆண்மைக்கு இது என்ன பரீட்சையோ!). மல் தீவில் பாழடைந்து கிடந்த டூவர்ட் கோட்டையை, மக்லீன் குலத்தலைவர் சர் ஃபிட்ஸ்ராய் 1911-இல் விலைக்கு மீட்டுப் புதுப்பித்தார். இன்றும் அக்குலத்தார் தேசதேசாந்தரங்களிலிருந்து அங்கே வந்து கூடுகின்றனர்.