புல்வெளியில் மரம் நட்டால் நல்லதுதானே? நீலகிரி சொல்லும் பதில் வேறு!

மரம் நட்டால் பசுமை கூடும், தண்ணீரும் தானா வரும் என்பது பலரின் நம்பிக்கை. நீலகிரி, பழனி மலை உச்சிகளில் நடந்தது வேறு.

அங்கே என்ன இருந்தது?

மலைப் பள்ளங்களில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி. வெப்ப மண்டலத்தில் இருந்தாலும் அந்த உயரத்தில் குளிர்நாட்டு காலநிலைதான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அதில் சோலை மரக் கன்றுகள் கருகிவிடும். புல்லோ வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வரையாடும், தோடர்களின் எருமையும் நம்பியிருப்பது இந்தப் புல்லைத்தான்.

எப்படி மாறியது?

ஆங்கிலேயர் கண்ணுக்கு அது வெறும் தரிசு. விறகுத் தேவைக்காக 1840களில் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. கற்பூர மரம் என்பது சமவெளியில் நாம் சொல்லும் தைல மரம்தான். தேயிலை, உருளைக்கிழங்கு, அணைகள் என மற்றவையும் இடம் பிடித்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகளின் தேவைக்காக மரத் தோட்டங்கள் இன்னும் பெருகின. பழனி மலையில் 1973 முதல் 2014 வரை மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணாமல் போனதாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அப்போ, விளைச்சல் கூடியதா?

கட்டைக் கணக்கில் கூடியது. தீவனக் கணக்கில் சரிந்தது. மர நிழலில் வெயில் விரும்பும் புல் வளராது. சீகை மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும். சத்து குறைந்த மண்ணுக்குப் பழகிய புற்களை வேறு செடிகள் முந்திவிடும். மரத்தை வெட்டினாலும் தீராது. சீகை விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடந்து கூட்டமாக முளைக்கும்.

தண்ணீர் என்ன ஆனது?

உதகை அருகே கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்றை புல்லாகவே விட்டார்கள். இன்னொன்றில் 1972-ல் சுமார் 60 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பக்கம் ஓடிவந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் மரங்கள் மறுபடி துளிர்த்து வளர்ந்த காலத்தில் இழப்பு இன்னும் அதிகம். மலை ஓடைகளை நம்பித்தான் பைக்காரா, குந்தா மின் நிலையங்கள் ஓடுகின்றன.

அமெரிக்காவில் புல்வெளியை உழுது கோதுமை போட்டார்கள். 1930களில் வறட்சி வந்ததும், பிடித்து வைக்க புல்வேர் இல்லாத மண் புழுதிப் புயலாகப் பறந்தது.

செஞ்சிப் பக்கம் இதில் என்ன இருக்கிறது?

மகேந்திரவர்மனின் குடைவரை உள்ள மண்டகப்பட்டு போன்ற ஊர்களில் உறைபனி இல்லை, சோலை இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். பாறைக் குன்று, ஏரிக்கரை, மேய்க்கால் நிலம் ஆகியவற்றில் மழைக்குப் பின் முளைக்கும் புல்தான் ஆடு மாடுகளுக்கு இலவசத் தீவனம். அந்த நிலம் மனையாகவோ தைலத் தோப்பாகவோ மாறினால், தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதலில் அடிபடுவது சொந்த நிலம் இல்லாமல் கால்நடை வளர்ப்பவர்கள்.

கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி 2011-லேயே மாநில அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஊரில் எந்த சர்வே எண் மேய்க்கால் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் பார்க்கலாம். மரக்கன்றோடு வருகிறவர்களிடம் முதலில் காட்ட வேண்டியதும் அதைத்தான்.