முற்றமில்லாத ஊரில் பந்தல்

பழவேற்காட்டில் டச்சுக்காரரிடையே சமயப் பணியாற்றிய ஆபிரகாம் ரோஜேரியஸ் எழுதிய நூல் 1651ஆம் ஆண்டு லெய்டனில் அச்சேறியது. மணப்பெண் உள்ள வீட்டின் வாசலில் ஆளுயரத்துக்குச் சற்று மிகுதியான கால்களை நட்டு, மேலே மெல்லிய கழிகளைப் பரப்பி, தழையிட்டு நிழல் செய்யும் வழக்கத்தை அவர் அதில் விவரிக்கிறார். அந்நாட்டார் அதற்கு வழங்கும் பெயர் ‘பந்தல்’ என்பதையும் பதிவுசெய்கிறார். 1886இல் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இச்சொல்லுக்குத் தனிப்பதிவு தந்தபோது அது ஆங்கிலேயர் பேச்சில் கலந்துவிட்டிருந்தது. இன்று கணபதி விழா நாள்களில் மும்பையின் ஆங்கில நாளிதழ்கள் ஓயாமல் அச்சிடும் சொல் இதுவே. ஆனால் அதே மும்பையில் தமிழர் வீட்டு வாசலில் பந்தலைக் காண்பது அரிது. சொல் ஊரெங்கும் பரவியிருக்க, பொருள் வீட்டைவிட்டு வெளியேறியது எவ்வாறு?

சொல்லிலிருந்து தொடங்கலாம். பந்தல், பந்தர் என்னும் இரு வடிவங்களும் சாம்பல், சாம்பர் போன்ற கடைப்போலிகள். தெலுங்கில் இது பந்திரி. கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து ஹந்தர. மராத்தியர் தம் பேச்சில் இதனை ‘மாண்டவ்’ என்பர்; வடமொழி மண்டபத்தின் வழிவந்த சொல் அது. தமிழில் மண்டபம் என்றவுடன் கல்தூண்கள் நினைவுக்கு வருகின்றன. மராத்தியிலோ அதே மூலத்திலிருந்து வந்த சொல் மணப்பந்தலையும் கொடி படரும் பந்தலையும் குறிக்கிறது. ஒரே வேர், ஒரு மொழியில் கல்லாகவும் இன்னொன்றில் தழையாகவும் நிலைபெற்றிருப்பது சொற்பொருளியல் மாணவர்க்கு நல்ல பாடம்.

பந்தலின் செயற்பாடு எளியது, ஆயினும் நுட்பமானது. சுவர் இல்லாததால் காற்று தடைபடுவதில்லை. தென்னங்கீற்று மெல்லியது, ஓட்டைப் போல வெப்பத்தைச் சேமித்து இரவில் உமிழ்வதில்லை. கொடிப்பந்தலில் இலைகள் விடும் ஈரம் நிழலைக் குளிர்நிழலாக்குகிறது. காலக்கணக்கும் உண்டு. ஆடியில் ஊன்றிய அவரை தையில் காய்த்து ஓய்ந்துவிடும், கோடைக்கு உதவாது. தைப்பட்டத்துப் புடலும் பீர்க்கும் பங்குனி, சித்திரையில் பந்தலை மூடி நிற்கும். காய்க்காகப் போட்ட பந்தல் என்றே வீட்டார் சொல்வர். அதன் கீழ்க் கட்டில் போடப்படுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. முல்லை, மல்லிகை போன்ற பல்லாண்டுக் கொடிகள் அழகுக்காகவும் மணத்துக்காகவும் வளர்க்கப்பட்டவை.

இருப்பினும் தமிழ் மரபில் பந்தல் வீட்டாருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. அப்பூதியடிகள் திங்களூரில் நாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப்பந்தல் வழிப்போக்கருக்கானது. வெயிலில் நடந்துவந்த ஞானசம்பந்தருக்கு இறைவன் முத்துப்பந்தர் அளித்ததாகக் கூறும் பட்டீச்சரத் தலக்கதையும் இத்தகையதே. நிழல் தருவது அறம். வாசலில் இடுவதால் தெருவுக்கும் பங்கு உண்டு. பிற்காலப் பெயர்ச்சிக்கு இக்கருத்தே வழிவிட்டது எனலாம்.

1896இல் பரவிய பிளேக் நோய் பம்பாயின் நெருக்கத்தை அரசுக்கு உணர்த்தியது. 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றிற்று. அதன் தாதர்–மாட்டுங்கா மனைத்திட்டத்தில் எழுந்த அடுக்குமாடிகளில் பின்னர்த் தென்னிந்திய எழுத்தர்களும் அலுவலர்களும் குடியேறினர். இவ்வரலாற்றை ஆராய்ந்த நிகில் ராவ் தம் நூலுக்கு ‘வீடு உண்டு, தோட்டம் இல்லை’ எனப் பொருள்படும் தலைப்பு இட்டிருப்பது பொருத்தமானது. முற்றத்தோடு வளர்ந்த குடும்பங்களுக்குப் பால்கனியே முற்றமாயிற்று. துளசி தொட்டிக்குள் வந்தது. கீற்றின் இடத்தை மூங்கில் தட்டி பிடித்தது. நிழல் தெருமரங்களுக்கும் ஐந்து தோட்டங்கள் என்னும் பூங்காத் தொகுதிக்கும் உரிய பொதுச்சொத்தாகியது. செம்பூரின் பழைய தனிவீடுகளில் மதுமாலதியும் காகிதப்பூவும் முகப்பை மூடியிருந்தன. அவ்வீடுகளின் இடத்தில் இன்று கோபுரங்கள்.

இடம் மட்டும் காரணமன்று, மழையும் காரணம். சித்திரை வெயிலுக்கென அமைந்த தட்டைப்பந்தல், நான்கு மாதத்தில் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் ஊரில் அழுகிவிடும். ஆகவே மும்பைப் பந்தல் மூங்கிலும் துணியும் தார்ப்பாயுமாக மாறி, விழா முடிந்ததும் அவிழ்க்கப்படும் பொருளாயிற்று. 1893க்குப் பின் கணபதி விழா பொதுவிழாவாக வளர்ந்தபோது அதற்குத் தேவைப்பட்டதும் இத்தகைய கட்டுமானமே.

தாராவியின் நிலை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பலர் வாழும் இச்சந்துகளில், எதிரெதிராக நீட்டிக்கொண்டிருக்கும் மேல்மாடிகளே பந்தல். வீட்டுக்குள் தகரக்கூரை கொதிக்கும்போது பெண்கள் சந்துக்கு வந்து அமர்கின்றனர். ஆனால் அதே பெண்களுள் சிலர் கூலிக்கு அப்பளம் இடுபவர்கள். கூடைகளைக் கவிழ்த்து அப்பளத்தை உலர்த்த வெயில் வேண்டும். கும்பார்வாடாக் குயவருக்கும் பானை உலர வெயில் வேண்டும். எனவே நிழலை நிலையாகக் கட்டிவிட முடியாது. நேரத்துக்கேற்ப ஆளும் கூடையும் இடம் மாறவேண்டும். நீலத் தார்ப்பாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவதும் அவிழ்ப்பதும் இதனால்தான். வெளியாருக்கு வறுமையின் அடையாளமாகத் தோன்றும் அந்த நீலம், ரோஜேரியஸ் கண்ட பந்தலின் இலக்கணத்துக்கு வெகுதொலைவில் இல்லை: கால், கழி, மேல்மூடி, சுவரின்மை.

தைப்பொங்கலன்று 90 அடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் வழக்கமும் இதே ஏற்பாட்டின் நீட்சி. முற்றத்தில் நிகழவேண்டியது தெருவில் நிகழ்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு தருவதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. உறுதியான கூரை, தனிக் கழிப்பறை, குழாய்நீர் ஆகியவற்றின் மதிப்பை அச்சந்துகளில் வாழ்ந்தோர் அறிவர். அவற்றை மறுப்பது வெளியாரின் ஏக்கம் மட்டுமே. எனினும் அந்த 350 சதுர அடி சுவர்களுக்குள் அளக்கப்படுவது. அப்பளம் உலர்ந்த இடமும் அடுப்பு மூட்டிய இடமும் எந்தக் குடும்பத்தின் பெயரிலும் இல்லை.