குறைவாக வாங்கச் சொன்ன கடைக்காரர்

சில வருடங்களுக்கு முன் அப்பா கலிஃபோர்னியாவில் என்னோடு மூன்று மாதம் தங்கியிருந்தார். விருதுநகர்ப் பக்கம் நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர். ஒருநாள் கரண்ட் பில்லோடு வந்திருந்த துண்டுச் சீட்டை அவருக்குப் படித்துக் காட்டினேன். பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்தால் நாங்களே வந்து எடுத்துப்போகிறோம், பணமும் தருகிறோம், உங்கள் மின்செலவு குறையும் என்றிருந்தது. அனுப்பியது மின்சாரம் விற்கும் நிறுவனம்.

“கரண்டு விக்கிறவனே கம்மியா வாங்குங்கறான். இதுல என்னவோ இருக்குப்பா. எந்தக் கடைக்காரன் அப்படிச் சொல்லுவான்?”

அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

அப்பாவின் சந்தேகம் நியாயமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவில் சாமுவேல் இன்சல் வகுத்த வழி இதுதான்: நிறைய விற்க வேண்டும், விற்பனை கூடினால் பெரிய மின்நிலையம் கட்டலாம், விலையைக் குறைக்கலாம், இன்னும் விற்கலாம். 1907-இல் விஸ்கான்சினும் நியூயார்க்கும் மின் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த ஆணையங்களை ஏற்படுத்தின. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஆனால் ஆணையம் நிர்ணயித்தது ஒரு யூனிட்டின் விலையை. எனவே கணக்குக்கு மேல் விற்ற ஒவ்வொரு யூனிட்டும் நிறுவனத்துக்கு லாபம், குறைந்த ஒவ்வொரு யூனிட்டும் நட்டம்.

1973-இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. அந்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெர்க்லியில் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர் வீட்டுக்குக் கிளம்பினார். என்ரிக்கோ ஃபெர்மியின் மாணவர். தன் மாடியில் இருந்த இருபது அறைகளிலும் விளக்குகள் எரிவதைப் பார்த்து, அணைக்கப் போனார். ஸ்விட்சுகள் அலமாரிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் மறைந்து கிடந்தன. தேடிப்பிடித்து அணைக்க இருபது நிமிடம் ஆனது. துகள் இயற்பியலை விட்டு, மிச்சம்பிடிப்பதையே தன் துறையாக்கிக்கொண்டார் மனிதர்.

1974-இல் கலிஃபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் மாநில எரிசக்தி ஆணையத்தை உருவாக்கியது. புதிய ஃப்ரிட்ஜுகளுக்கும் புதிய கட்டடங்களுக்கும் அது விதிகள் போட்டது. அப்போது ஒரு சராசரி அமெரிக்க ஃப்ரிட்ஜ் வருடத்துக்கு ஏறத்தாழ 1800 யூனிட் தின்றது. 2001-இல் தேசிய விதிகள் அதை 500 அளவுக்குக் கொண்டுவந்தன, அதுவும் பெரிய ஃப்ரிட்ஜுகளில்.

ஆனால் ஏற்கெனவே கட்டிய வீடுகளை என்ன செய்வது? வீடுவீடாக யார் போவது? எல்லா வீட்டின் கணக்கும் வைத்திருப்பது, மாதாமாதம் பில் அனுப்புவது மின் நிறுவனம்தான். அந்த வேலையை அதனிடமே கொடுப்பது, பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது போல.

இதற்கு 1982-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மின்விற்பனைக்கும் நிறுவனத்தின் வருமானத்துக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தார்கள். நிறுவனம் இந்த வருடம் ஈட்ட வேண்டிய தொகையை ஆணையம் முன்கூட்டியே நிர்ணயிக்கும். விற்பனை குறைந்து வரவு குறைந்தால், பின்னர் கட்டணத்தைச் சற்று உயர்த்தி ஈடுகட்டும். கூடுதலாக வந்தால் மக்களுக்கே திரும்பும். கம்மியாக விற்றால் நட்டமில்லை என்றாயிற்று. 1990 வாக்கில் இன்னொரு படி போனார்கள்: மக்களுக்கு மிச்சமானதில் ஒரு பங்கு நிறுவனத்துக்கு லாபம். துண்டுச் சீட்டு பிறந்தது இப்படித்தான்.

1996-இல் மாநிலம் மனம் மாறியது. மின்சாரத்தைச் சந்தையிடம் விட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று புதுச் சட்டம் போட்டார்கள். 1982-இன் ஏற்பாடு கைவிடப்பட்டது. 2000-இலும் 2001-இலும் விலை எகிறியது, ஊர் ஊராக மின்வெட்டு. 2001 கோடையில் அரசு ஒரு சலுகை அறிவித்தது: முந்தைய கோடையைவிட 20 சதவீதம் குறைத்தால் பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி. அதே ஆண்டில் பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றினார்கள். 2003-இல், புதிய தேவை வந்தால் முதலில் மிச்சம்பிடி, பிறகு மற்ற வழிகளைப் பார் என்பதே கொள்கையானது.

1970-களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் கலிஃபோர்னியாவில் ஆள்வீத மின்நுகர்வு ஏறத்தாழ 7000 யூனிட்டிலேயே நின்றது. நாட்டின் சராசரியோ பாதியளவுக்கு மேல் கூடியது. எல்லாம் இந்தத் திட்டங்களின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. கடலோரத்தின் இதமான வெயில், கனரகத் தொழில்கள் குறைவு, அதிகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி, விக்காத சரக்குக்கு யாருப்பா காசு குடுக்கறது?”

கடைக்காரர் கேட்கும் கேள்வி! நாங்கள் எல்லோரும்தான். பில்லில் பொதுநலத் திட்டங்களுக்கென்று ஒரு வரி இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசமாகச் செய்துதரும் வேலைகளும் அந்தப் பணத்தில் நடக்கின்றன. ஆனாலும் பணம் திரும்பி வருவது பெரும்பாலும் சொந்த வீடும் மாற்றும் வசதியும் உள்ளவர்களிடம்.

என் ஃப்ரிட்ஜ் வீட்டுக்காரருடையது. புதிது வாங்கினால் செலவு அவருக்கு, மிச்சம் எனக்கு. அவர் ஏன் மாற்றுவார்? தொடர்பைத் துண்டித்தவர்கள், அறுபட்டுக் கிடந்த இந்தத் தொடர்பை இணைக்கவில்லை. நான் வீடு மாறும்வரை அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. துண்டுச் சீட்டும் வந்துகொண்டிருந்தது.