அண்ணனுக்கு ஒரு கன்ட்ரோலர்: எபிக் மிக்கி 2

இன்னைக்கு ஒரு கேமைப் பத்திப் பேசணும்னா, முதல்ல ஒரு முயலைப் பத்திப் பேசணும்.

1927-ல வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் உருவாக்கின கார்ட்டூன் முயல் ஓஸ்வால்ட். படங்கள் நல்லா ஓடுச்சு. ஆனா உரிமை யுனிவர்சல்கிட்ட. 1928-ல டிஸ்னி கூடுதல் பணம் கேட்டு நியூயார்க் போனார். தயாரிப்பாளர் சார்ல்ஸ் மின்ட்ஸ், இருக்கிறதையும் குறைப்பேன்னார்; டிஸ்னியோட அனிமேட்டர்கள்ல பெரும்பாலானவங்களை ஏற்கெனவே தன் பக்கம் இழுத்தும் வச்சிருந்தார். முயல் கைவிட்டுப் போச்சு. அந்த இடத்துக்கு வந்ததுதான் மிக்கி மவுஸ். ஓஸ்வால்ட் டிஸ்னிகிட்டத் திரும்பி வந்தது 2006-ல. பதிலுக்கு டிஸ்னி விட்டுக்கொடுத்தது யாரை தெரியுமா? அல் மைக்கேல்ஸ்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கமென்டேட்டரை. ஜோக் இல்லைங்க, நிஜமாவே நடந்த டீல்.

'டியூஸ் எக்ஸ்' புகழ் வாரன் ஸ்பெக்டரோட ஜங்ஷன் பாயின்ட் ஸ்டூடியோ 2010-ல வீ கன்சோலுக்காக 'எபிக் மிக்கி' செஞ்சப்போ, இந்தப் பழைய காயத்தையே கதையாக்கினாங்க. மறக்கப்பட்ட கார்ட்டூன்கள் வாழற வேஸ்ட்லேண்டுல ஓஸ்வால்ட்தான் அண்ணன். தனக்கு வர வேண்டிய புகழெல்லாம் தம்பிக்குப் போயிடுச்சேன்னு அவனுக்கு ஆத்திரம். 2012 நவம்பர் 18, அதாவது மிக்கியோட பிறந்தநாள் அன்னைக்கு, அமெரிக்காவுல ரெண்டாம் பாகம் வந்துச்சு. அதுல அண்ணன் கையில ரெண்டாவது கன்ட்ரோலரைக் கொடுத்தாங்க.

ஐடியா அருமை. மிக்கி பிரஷ்ஷால பெயின்ட் அடிச்சு உலகத்தை உருவாக்குவான், தின்னர் ஊத்தி அழிப்பான். ஓஸ்வால்ட் ரிமோட்டால மின்சாரம் பாய்ச்சுவான். காதைச் சுழற்றிப் பறக்கும்போது மிக்கி அவனைப் பிடிச்சுத் தொங்கிக்கலாம். பக்கத்துல ஃபிரெண்ட் இருந்தா, ஆட்டத்தின் நடுவுலகூட சேர்ந்துக்கலாம், ஸ்கிரீன் ரெண்டாப் பிரியும். முதல் பாகத்துல முனகிக்கிட்டிருந்த பாத்திரங்கள் இதுல வாய் திறந்து பேசுது. மேட் டாக்டர் பேசறதே பாட்டாத்தான்! எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

சிக்கல், தனியா ஆடும்போது. அப்போ ஓஸ்வால்டை இயக்கறது கம்ப்யூட்டர். மின்சாரம் பாய்ச்ச வேண்டிய மெஷின் முன்னாடி நின்னு கூப்பிட்டா, துரை வேற எங்கேயோ சுத்திக்கிட்டிருப்பார். கோட் எழுதறவனா எனக்கு இது ஆச்சரியமில்லை. கூட வர்ற பாத்திரத்தோட ஏஐ எழுதறது எதிரியோட ஏஐயைவிடக் கஷ்டம். எதிரி சொதப்பினா உங்களுக்கு லாபம். கூட்டாளி சொதப்பினா கதவே திறக்காது. அப்படியொரு கூட்டாளியை நம்பித்தான் மொத்த கேமையும் கட்டியிருந்தாங்க. சரி, ஆன்லைன்லயாவது ஃபிரெண்டைக் கூப்பிடலாம்னா அந்த வசதியே கிடையாது! முதல் பாகத்துல எல்லாரும் திட்டின கேமராவும் முழுசா சரியாகலை.

கேம் விக்கலை. 2013 ஜனவரியில டிஸ்னி ஜங்ஷன் பாயின்டை மூடிடுச்சு. 2024-ல ரீமேக் ஒண்ணு வந்துச்சு. ஆனா அது முதல் பாகத்துக்கு மட்டும்தான். ரெண்டாவது கன்ட்ரோலருக்கு அதுல வேலை இல்லை.