செம்பனை ஆலைகளும் சுற்றுச்சூழல் துறையும்



பந்திங் வட்டார வரலாறு என்றால் ஜுக்ராவின் பழைய அரண்மனையையும் கேரித் தீவின் தோட்டங்களையும் மாணவர்களுக்குக் காட்டுகிறோம். இங்குள்ள ஆற்றுநீருக்கும் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அவர்களிடம் அதிகம் பேசுவதில்லை.

1960களில் ரப்பர் விலை சரியவே, நாடெங்கும் தோட்ட நிறுவனங்கள் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டன. தோட்டங்களுக்குள்ளேயே ஆலைகள் எழுந்தன. பழக்குலைகளை நீராவியில் வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின், பழுப்பு நிறக் கழிவுநீர் பெருமளவில் எஞ்சும். அதில் நஞ்சு கிடையாது. ஆயினும் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றுநீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடுவதால் மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. இதனை அளப்பதே உயிர்வளித் தேவை. சுத்திகரிக்கப்படாத ஆலைக் கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரைவிட இது ஏறக்குறைய நூறு மடங்கு. அன்றைய ஆற்றின் நாற்றத்தைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அதனை நடைமுறைப்படுத்தும் பிரிவு செயல்படத் தொடங்கியது. 1983இல் அதுவே சுற்றுச்சூழல் துறையாக உயர்ந்தது. அதன் முதற்பெரும் சோதனை செம்பனை ஆலைகள்தாம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழிலை மூடவும் இயலாது. ஆறுகளைச் சாகவிடவும் இயலாது.

1977ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும். 1978 ஜூலை முதல் வரம்பு 5,000 மில்லிகிராம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 2,000, 1,000, 500, 250 எனக் குறைந்து 1984இல் 100 ஆயிற்று. ஆற்றில் விடும் கழிவின் உயிர்வளித் தேவை டன் ஒன்றுக்கு 10 ரிங்கிட் கட்டணம். வரம்பை மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 100 ரிங்கிட். முதலாண்டில் வரம்பு கட்டாயமாக்கப்படவில்லை. கட்டணத்தைச் செலுத்தி மீறவும் செய்யலாம். இரண்டாம் ஆண்டு முதல் கட்டாயம். இறுதி இலக்கை முன்கூட்டியே அறிவித்துப் படிப்படியாக ஏற்றிய இம்முறை, அடிப்படை எழுத்திலிருந்து வாசிப்புக்கு மாணவனை அழைத்துச் செல்வதை எனக்கு நினைவூட்டுகிறது. ஆலைகள் குளங்கள் வெட்டி, காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைத்தன. எஞ்சிய சேறு தோட்டத்திற்கே உரமாயிற்று. எண்ணெய் உற்பத்தி பெருகிய அதே ஆண்டுகளில் ஆறுகளில் கலந்த மாசு பெரிதும் குறைந்தது.

காற்றின் கதை இவ்வளவு இனிதன்று. 2005 ஆகஸ்ட் 11இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. அதுவரை பல ஆண்டுகளாக அக்குறியீடு பொதுமக்களுக்கு வெளியிடப்படாமலே இருந்தது. பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பலாமா என்று நாம் வானத்தைப் பார்த்தே முடிவு செய்த காலம் அது!

பின்னர் 2018. அவ்வாண்டுத் தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்ததும் அக்கழிவு கொள்கலன்களில் இங்கே குவிந்தது. நம் அண்டை ஊரான ஜென்ஜாரோமில் உரிமமற்ற ஆலைகள் முளைத்தன. இரவில் நெகிழி எரியும் நெடியை முதலில் உணர்ந்து புகார் செய்தவர்கள் அங்குக் குடியிருந்த மக்களே. செம்பனை ஆலைக்கு முகவரியும் உரிமமும் இருந்தன. அவற்றைப் பிடித்தே துறை ஒழுங்கு செய்தது. உரிமமே இல்லாதவனிடம் எந்த நிபந்தனையை விதிப்பது? மேலும், சுற்றுச்சூழல் துறை மத்திய அரசுக்குரியது. நிலம் மாநிலத்துக்குரியது. வணிக உரிமம் ஊராட்சி மன்றத்தின் கையில். இம்மூன்றுக்கும் நடுவே புகை எழுந்தது. ஆலைகள் பல மூடப்பட்டன. 2020 ஜனவரிக்குள் 3,737 டன் கழிவு, 150 கொள்கலன்களில் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக அரசு அறிவித்தது. 2024இல் சட்டம் திருத்தப்பட்டு உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது.