கணினித் திரைக்கு எந்தத் தெளிவுத்திறன் பொருத்தம்? அறிய வேண்டியவை

கணினித் திரையில் எழுத்துகள் சிறியனவாகத் தெரிந்தால் பலரும் உடனே செய்வது, ரெசொல்யூஷன் எனப்படும் தெளிவுத்திறனைக் குறைப்பதாகும். எழுத்து பெரிதாகிறது, ஆனால் கூர்மை போய்விடுகிறது. பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் நல்ல திரைகள்கூட இவ்வாறு மங்கலாகவே பயன்படுத்தப்பட்டு வருகின்றன.

பழைய பிக்சர் டியூப் திரைகள் 800x600, 1024x768 எனப் பல அளவுகளையும் ஏறக்குறைய ஒரே தரத்தில் காட்டின. இன்றைய எல்சிடி திரைகள் அவ்வாறல்ல. அவற்றில் பிக்சல்கள் எனப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை தயாரிப்பின்போதே நிலையாக அமைந்துவிடுகிறது. 1920x1080 புள்ளிகள் கொண்ட திரையை 1366x768 அளவில் இயக்கினால், ஒரு புள்ளிக்குரிய படத்தை ஏறத்தாழ 1.4 புள்ளிகளில் பரப்ப வேண்டியிருக்கும். புள்ளியைப் பிளக்க இயலாததால் அண்டைப் புள்ளிகளில் நிறம் கலக்கிறது. மங்கலுக்குக் காரணம் இதுவே.

இந்திய மொழிகளில் படிப்போருக்கு இதன் விளைவு கூடுதலானது. தமிழில் 'ன', 'ண' ஆகிய எழுத்துகளை வேறுபடுத்துவது ஒரேயொரு சுழிதான். சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் 'மனம்' எது, 'மணம்' எது என்று சொல்லின் சூழலைக் கொண்டே ஊகிக்க வேண்டிவரும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியும், தேவநாகரியின் மேற்குறிகளும் கூட்டெழுத்துகளும் இத்தகைய நுண்மையை வேண்டுவனவே. பெயர்களையும் ஆவணங்களையும் சரிபார்ப்போர் இதை அற்பமாகக் கருத இயலாது.

எனவே தெளிவுத்திறனைத் திரைக்கு இயல்பான அளவிலேயே வைப்பதே முறை. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பகுதியில் அந்த அளவுக்கு அருகில் 'ரெகமெண்டட்' என்ற குறிப்பு இருக்கும். எழுத்தைப் பெரிதாக்க, அதே பகுதியில் உள்ள 'ஸ்கேல்' அளவை 125 அல்லது 150 சதவீதமாக உயர்த்தலாம். அப்போது எழுத்தின் வடிவம் கூடுதல் புள்ளிகளைக் கொண்டு புதிதாக வரையப்படுவதால் கூர்மை குறையாது. மிகப் பழைய சில மென்பொருள்கள் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்காமல் மங்கலாகத் தோன்றலாம்.

புதிதாக வாங்குவோர் புள்ளிகளின் எண்ணிக்கையைத் திரையின் அளவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபுல் எச்டி எனப்படும் 1920x1080, 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகளைத் தருகிறது. கணக்கு எழுதுதல், தட்டச்சு, இணையவழிப் பாடம் போன்ற அன்றாடப் பணிகளுக்கு இது போதுமானது. விலையும் கட்டுக்குள் இருக்கும். அதே 1080, 27 அங்குலத்தில் 82 ஆகக் குறைந்துவிடுகிறது. பெரிய திரைக்கு ஆசைப்பட்டு இதை வாங்குவது சிறந்த தேர்வன்று. 27 அங்குலத்துக்கு 2560x1440 பொருந்தும். அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் அமைகின்றன. 4கே திரையை அதே 27 அங்குலத்தில் 150 சதவீதப் பெருக்கத்தில் வைத்தால், 1440 திரைக்குரிய இடப்பரப்பே கிடைக்கும். ஆனால் எழுத்து அச்சுப் புத்தகத்தை நெருங்கும் கூர்மை பெறும்.

மடிக்கணினிகளில் நிலைமை சற்று வேறு. விலை குறைந்த கணினிகளில் நெடுங்காலமாக இடம்பெற்ற 1366x768 திரையின் சிக்கல் கூர்மையைவிட உயரம் சார்ந்தது. 768 வரிகளில் டாஸ்க்பாரும் பிரௌசரின் மேற்பட்டைகளும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. நீளமான விண்ணப்பப் படிவங்களில் சமர்ப்பிக்கும் பொத்தான் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போய்விடுவதுண்டு. 15.6 அங்குலத்தில் 1080 திரையும் 125 சதவீதப் பெருக்கமும் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

4கே திரையில் 1080 திரையைப் போல் நான்கு மடங்கு, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. எழுத்துப் பணிக்கு இது பெரிய சுமையன்று. விளையாட்டுகளுக்கோ திறன்மிக்க கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படும். இணைப்பையும் கவனிக்க வேண்டும்: எச்டிஎம்ஐ 1.4 வசதி மட்டுமே உள்ள பழைய கணினி, 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். சுட்டி தயங்கித் தயங்கி நகர்வதற்குத் திரையைக் குறைகூறுவோர் உண்டு. 60 முறைக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். புதிய திரைக்குப் பணம் செலுத்துமுன், வீட்டிலுள்ள கணினியில் எந்த இணைப்பு உள்ளது என்று பார்த்துவிடுவது நல்லது.